மேடையில் உன் பாதி

தம்பி,

பிரிஸ்பேன் கலை மையத்தில் இந்த சீசன் முழுக்க நம் ஆதிகுடிக் கலைஞர்கள்தான். தினமும் ஒருவர் மேடையேறி, இந்த மண்ணின் சொந்தக்காரர்களுக்கு வணக்கம் சொல்கிறார். அந்தச் சொந்தக்காரர்களில் ஒருவனான உன்னை ரயில் டிக்கெட் தகராறுக்காக உள்ளே வைத்திருப்பதை மட்டும் சொல்வதில்லை.

நேற்று நம் கொக்கு ஜோடி ஆட்டத்தைத் தனியாக ஆடினேன். உன் பாதியில் வேறு யாரையும் நிறுத்த விடவில்லை. திரும்பும்போது உன் தோளைத் தேடிக் கை நீட்டினேன். அரங்கமே எழுந்து கைதட்டியது.

வெள்ளைக்கார இயக்குநர் ஓடிவந்தார். "அந்த வெற்றிடம் அபாரம்மா! எப்படித் தோணுச்சு?"

டோரீன் அத்தை முந்திக்கொண்டாள். "வெற்றிடமா? எங்க பையன உங்காளுங்க உள்ள வச்சிருக்காங்கய்யா. விடச் சொல்லுங்க, நெரப்பிடுவான்."

அவர் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை உன் ஜாமீன் விசாரணை. ஞாயிறு கடைசி ஆட்டம். அந்த வெற்றிடத்துக்கு இன்னொரு முறை கைதட்டல் கேட்க என்னால் முடியாது. வந்து கெடுத்துவிடுடா.

உன் அக்கா