சுரண்டிய இடத்தில் பெயிண்ட் அடிக்கக் கூடாது

அன்புள்ள மகனே,

நானும் உன் மனைவியும் சௌக்கியம். நீயும் தலையை ஒழுங்காகத் துவட்டி, நேரத்துக்குச் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் வாய்க்கு வாய் என்னை அம்மா என்று கூப்பிடுவது நீதானே அப்பா, அதனால் இந்தக் கடிதத்தில் மட்டும் நான் உனக்கு அம்மா, உன்னை நீ என்றுதான் எழுதுவேன். உன் மனைவி தூங்கிவிட்டாள். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன், காலையில் உனக்குப் போகிற பார்சலில் காலுறைக்குள் திணித்துவிடுவேன். சமையலறைக் குழாயை அவளே சரிசெய்துவிட்டு அதே பேச்சாக இருக்கிறாள். கணக்குப் பரீட்சை பற்றி நீ கேட்காதே, பெற்ற தாயிடம் யாரும் மார்க் கேட்பதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நீ அவளிடம் ஸ்பீக்கர் போனில் பேசியதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டேன். நீ பழுது பார்க்கிற விமானத்தில், ரேடியோவில் பேசப் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் எரிபொருள் காட்டுகிற முள் துள்ளியதாம். ரேடியோப் பெட்டியை விமானத்தின் உடம்போடு இணைக்கிற பட்டை வெறும் உலோகத்தைத் தொட்டால்தான் ரேடியோ மற்ற கருவிகளைத் தொந்தரவு செய்யாதாம். அதற்காக நீ சுரண்டி வைத்த இடத்தைப் பெயிண்டர் மாமா, என்னப்பா இது சொறி புடிச்ச மாதிரி இருக்கு என்று அழகாகப் பெயிண்ட் அடித்துவிட்டாராம். நீங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள், நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அப்புறம்தான் நீ சொன்னாய், மறுபடி சுரண்டியாச்சு, அடுத்த வாரம் பறந்து பாக்கும்போது நானும் போறேன், பாப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத என்று.

மேலே போனபின் முள் பொய் சொன்னால் எங்கே இறங்கிப் பார்ப்பாய்? மாமாவுக்கு மறுபடி கை அரிக்காது என்று என்ன நிச்சயம்? ஆகவே தாய் சொல்கிறேன், கேள். ஏறுவதற்கு முன் நீயே குனிந்து பட்டைக்கு அடியில் பார்க்க வேண்டும், யாரோ பார்த்தார்கள் என்பது செல்லாது. இஞ்சின் ஓடும்போது தரையிலேயே ஒருமுறை பொத்தானை அழுத்தி முள்ளைப் பார். மாமாவின் பிரஷ்ஷை ஒளித்துவை. எங்கே என்று தெரியாவிட்டால் என்னைக் கேள், ஒளிப்பதில் எனக்கு அனுபவம் உண்டு.

போனது போலவே முழுசாக இறங்கி வர என் ஆசிகள். இறங்கியதும் முதல் போன் எனக்கு. நான் ஒன்றும் தெரியாதவளாக, என்னப்பா இந்த நேரத்துல என்று கேட்பேன். நீயும் சும்மாதாம்மா என்று மட்டும் சொல். எனக்கு அது போதும்.

இப்படிக்கு,
துளியும் பயப்படாத உன் அம்மா,
ஏழாம் வகுப்பு, பி பிரிவு.