மூன்று துப்பாக்கிக்கு ஒரு சைலன்சர்

ஆகஸ்ட் 21

காது டாக்டரிடம் போய் வந்தேன். இடது காது போயே போய்விட்டதாம். வலது காதில் பாதி மிச்சம். "போனது திரும்பாது. இருக்கிறதையாவது காப்பாத்திக்கோங்க" என்றாள். சின்னப் பெண்தான், ஆனால் சத்தம் போட்டுப் பேசத் தெரிந்தவள்.

முப்பது வருஷம் சாலை மட்டப்படுத்தும் வண்டி, அதற்கு மேல் துப்பாக்கி. வேறென்ன ஆகும்?

"வீட்ல யார் பேசினா புரிய மாட்டேங்குது?" என்று கேட்டாள். வீட்டில் யாரும் பேசுவதில்லை என்றேன். உண்மைதானே. என் மனைவி இர்யா மே மாதம் எங்கள் கோடைக்கால ஏரி வீட்டுக்குப் போனாள். அதற்கு முன்பே இரண்டு மூன்று வருஷமாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டுவிட்டாள். எங்கள் பக்கம் அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. நானும் நண்பன் ஊர்ப்போவும் சௌனாவில், அந்த நீராவிக் குளியலறையில், உட்கார்ந்தால் சாயங்காலம் முழுக்க இரண்டு வாக்கியம் பேசுவோம், அதில் ஒன்று சூடான கல்லில் தண்ணீர் ஊற்றச் சொல்வது. இப்படிப்பட்ட ஊரில் ஒருவன் தன் காது செவிடாகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பான்?

காது மெஷின் தருகிறேன் என்றாள். வேண்டாம், துப்பாக்கிக்கு சைலன்சர் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வை பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 24

சைலன்சர் வாங்குவது என்றால் கடைக்குப் போய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவது என்று நினைத்திருந்தேன். என்னிடம் துப்பாக்கி மூன்று. கடமானுக்கு ஒன்று, நரிக்கு ஒன்று, போட்டிகளில் குறிப்பலகையைச் சுட ஒன்று. மூன்றின் குழல் முனையிலும் திருகு மரை வேறு வேறு அளவு. தோட்டாவும் மூன்று பருமன். ஒரே சைலன்சர் மூன்றுக்கும் என்றால் துளை பெரிய தோட்டாவுக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். சின்னதில் பெரிய தோட்டா போனால் சைலன்சரும் போச்சு, முகமும் போச்சு.

துப்பாக்கிக்கு ஒன்றாக வாங்கலாம்தான். வீட்டுக் கூரை மாற்றப் பணம் வேண்டியிருக்கிறது. ஒன்றே போதும்.

ஆகஸ்ட் 27

தனியாக உருளைக்கிழங்கு தோண்டினேன். இர்யா வரவில்லை.

செப்டம்பர் 2

தோல்வானென் துப்பாக்கிக் கடை. மனுஷன் மேசை மேல் வரிசையாக அடுக்கிவிட்டான். அலுமினியம் லேசு, ஆனால் அடுத்தடுத்துச் சுட்டால் சூடேறிக் கெட்டுப்போகும். எஃகு தாங்கும், ஆனால் துப்பாக்கியின் மூக்கு தரையைப் பார்க்கும். ஒரு வகை குழலுக்கு மேல் பின்பக்கமாகச் சரிந்து உட்கார்ந்துகொள்கிறது. நீளம் அதிகமாகாது, காட்டில் கிளையில் மாட்டாது. எனக்கு அதுதான் பிடித்தது.

"போட்டி துப்பாக்கியோட குழல் இதுக்குள்ள நுழையாது ஹெய்மோ. அது உன் மணிக்கட்டு தண்டி இருக்கு" என்றான்.

அப்போ எதுதான் நுழையும்? தலை வலித்தது. காபி குடித்துவிட்டு ஒன்றும் வாங்காமல் வந்தேன். அவன் வாசலில் நின்று ஏதோ சொன்னான். ஆமாம் என்பதற்கு எங்கள் ஊரில் சொல்கிற மாதிரி, யோ என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

செப்டம்பர் 5

ஊர்ப்போ வந்தான். எங்கள் வேட்டைக் குழுவுக்கு அவன்தான் தலைவன், சுடுதளத்தின் சாவியும் அவனிடம்தான். சைலன்சர் பற்றிக் கேட்டது தப்பாகப் போயிற்று.

"கடமானுக்கு வருஷத்துல ரெண்டு தோட்டா சுடுவியா? அதுவும் ஒண்ணு மரத்துல. அதுக்கு எதுக்குடா சைலன்சர்? மரம் கோவிச்சுக்குதா?"

ஹல்லாவுக்கும் நல்லது என்றேன். நாய்க்கும் காது இருக்கிறது. அதற்கு மட்டும் தலையாட்டினான். இர்யா எப்போது திரும்புகிறாள் என்று கேட்கவில்லை. செப்டம்பரில் ஏரி வீட்டில் பெண்டாட்டி தனியாக இருக்கிறாள் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். இங்கே யாரும் சண்டை போட்டுக்கொண்டு பிரிவதில்லை. கோடைக்குப் போனவர் திரும்புவதில்லை, அவ்வளவுதான்.

செப்டம்பர் 9

ஏரி வீட்டுக்கு உருளைக்கிழங்கு கொண்டுபோனேன். ஒரு சாக்கு நிறைய. அவளைப் பார்க்க அதுவும் ஒரு சாக்கு, அவ்வளவுதான். விறகு ஒரு குளிர்காலத்துக்குப் போதுமான அளவு அடுக்கி வைத்திருக்கிறாள். கோடைக்கு வந்தவள் அடுக்குகிற அளவு இல்லை.

படகுத்துறையில் நின்றுகொண்டிருந்தாள். காற்று. முதுகைக் காட்டியபடி ஏதோ கேட்டாள். நான் மூச்சை உள்ளே இழுத்து "யோ" என்றேன். ஆமாம் என்று முழுசாகச் சொல்லவும் சோம்பேறித்தனம் எங்கள் ஜனத்துக்கு. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

என்ன கேட்டிருப்பாள்?

செப்டம்பர் 15

முடித்துவிட்டேன். தோல்வானென் இன்று ஒரு விஷயம் சரியாகச் சொன்னான். "எதை அழகா தூக்கிட்டு நடக்கணும்னு பாக்காத. எதுல அதிகமா சுடுறியோ அதுக்கு வாங்கு. உன் காதைத் தின்னது காடு இல்ல, சுடுதளம்."

ஆக எஃகு. குழல் முனைக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும் வகை. துளை கடமான் தோட்டாவுக்குப் பொருத்தம். மற்ற மரைகளுக்கு மாற்றித் திருகிக்கொள்ள இரண்டு வளையம். நரித் துப்பாக்கியில் சத்தம் கொஞ்சம் கூடுதலாகவே கசியும், பரவாயில்லை. கடமான் துப்பாக்கி இனி தூண்டில் கோல் மாதிரி நீளம். அதுவும் பரவாயில்லை. எல்லாவற்றுக்கும் பொருந்துவது என்றால் எதற்கும் கச்சிதமாகப் பொருந்தாது. அலுத்துப்போயிற்று, வாங்கிவிட்டேன்.

செப்டம்பர் 23

சைலன்சர் மாட்டியதும் குறி மாறிவிட்டது. கடமான் துப்பாக்கி ஒரு கையகலம் கீழே அடிக்கிறது. நரித் துப்பாக்கி இடது பக்கம். உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். போட்டித் துப்பாக்கி பாக்கி. முதுகு வலி. ஆனால் சத்தம் – ஆகா, கதவை மெத்தென்று சாத்துவது போல. ஹல்லா எழுந்திருக்கக்கூட இல்லை.

செப்டம்பர் 30

எழுதிவிட்டால் தேவலை.

சுடுதளத்தில் போட்டித் துப்பாக்கி. காதுமூடியைக் கழற்றி வைத்துவிட்டேன். டாக்டர் அதையும் போட்டுக்கொள் என்றுதான் சொன்னாள். சைலன்சர் இருக்கிறதே என்ற மிதப்பு. ஐந்து சுட்டேன். பின்னால் ஊர்ப்போ என்னவோ சொன்னான். நான் யோ என்றேன். அடுத்த தோட்டாவைப் போட்டு, போல்ட்டைத் தள்ளி மூடி, ஸ்கோப்பில் கண்ணை வைத்தேன்.

பலகையைக் காணோம். பழுப்பாக என்னவோ மறைத்தது. விசையில் விரல் இருந்தது. பலகை எங்கே போயிற்று என்றுதான் யோசித்தேன் – அது அவன் முதுகு. அவனுடைய பழுப்புச் சட்டை. பலகை பார்க்க நடந்து போய்க்கொண்டிருந்தான்.

விரலை எடுத்தேன். அவன் திரும்பியபோது நான் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன், போல்ட் இன்னும் மூடியபடி, தோட்டா உள்ளேயே. ஓடி வந்து அவனே திறந்தான். தோட்டா மேசை மேல் விழுந்து உருண்டது. இருவரும் அதையே பார்த்தோம்.

"'காலி பண்ணியாச்சா, நான் முன்னாடி போறேன்'னு கேட்டேன். நீ 'யோ'ன்ன."

"கேக்கலடா."

"கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லித் தொலையேன்! செவிடா இருக்கறது தப்பில்ல. கேட்ட மாதிரி நடிக்கிற பாரு, அதான்டா ஆளைக் கொல்லும்!"

நாற்பது வருஷத்தில் அவன் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. பிறகு உட்கார்ந்தான். ஃபிளாஸ்கிலிருந்து எனக்கும் காபி ஊற்றினான். "காதுல மெஷின் இல்லாம கடமான் வேட்டைக்கு வந்துடாத. உனக்கு காட்டுல இடம் கிடையாது" என்றான்.

வண்டியில் வரும்போது ஒன்று தோன்றியது. ஊர்ப்போவிடம் சொன்ன ஒரு யோ இந்த லட்சணம். வேறு யாரிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன்?

அக்டோபர் 1

ஏரி வீட்டுக்குப் போனேன். சாக்கு எதுவும் கொண்டுபோகவில்லை.

எதிரில் உட்காரச் சொன்னேன். காது விஷயத்தைச் சொன்னேன். ஊர்ப்போ முதுகைச் சொன்னேன். "நான் காதுல வாங்காமலே எதுக்கெல்லாம் யோன்னு சொன்னேன்?" என்று கேட்டேன்.

இர்யா மேசை விரிப்பை நீவினாள். "எதுக்கு சொல்லல? சமையக்கட்டு ஜன்னல்ல காத்து வருதுன்னேன், யோன்ன. எங்க அக்காவுக்கு ஆபரேஷன், கூட வர்றியான்னேன், யோன்ன. தனியாதான் போனேன்."

"நீ பேசறதையே விட்டுட்டன்னு நினைச்சேன்."

"நான் பேசிட்டுதான் இருந்தேன் ஹெய்மோ."

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினாள். சட்டென்று நினைவு வந்து மறுபடி என் பக்கமே திரும்பினாள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "மே மாசம், இங்க வர்றதுக்கு முந்தின நாள். நான் இனிமே அங்கயே இருந்துடட்டுமான்னு கேட்டேன். நீ பேப்பர் படிச்சிட்டிருந்த."

கேட்கவே வேண்டியதில்லை. இருந்தாலும் கேட்டேன்.

"யோன்ன."

அடப் பாவி. நான்தான். நானேதான் அனுப்பியிருக்கிறேன்.

சைலன்சர் கதையையும் சொன்னேன், மரை, வளையம், எஃகு எல்லாம். பொறுமையாகக் கேட்டாள். "துப்பாக்கிக்கு மாட்ட ஒரு மாசம் அலைஞ்சிருக்க. காதுக்கு மாட்ட ஒரு நாள் போக முடியல?"

தனியாகத்தான் வீட்டுக்கு வந்தேன்.

அக்டோபர் 10

மெஷின் வந்துவிட்டது, சோதனைக்கு ஒரு ஜோடி. செய்தித்தாள் திருப்பினால் தகரம் கிழிகிறது. ஃப்ரிட்ஜ் முணுமுணுக்கிறது. இவ்வளவு நாளும் முணுமுணுத்ததா?

அக்டோபர் 14

கடமான் வேட்டை முதல் நாள். வாக்கி டாக்கியில் ஊர்ப்போ: "ஹெய்மோ, கேக்குதா?" நான்: "கேக்கல, மறுபடி சொல்லு." எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஹல்லா ஈரநிலத்துக்கு அப்பால் குரைத்தாள். இத்தனை வருஷம் அவள் கழுத்துப்பட்டை ஃபோனுக்கு அனுப்பும் புள்ளியைப் பார்த்துத்தான் அவள் குரைக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன். இன்று ஃபோன் பையிலேயே இருந்தது. கடமான் வேறு பக்கம் ஓடி வேறொருவன் சுட்டான். என் சைலன்சருக்கு வேலையே வரவில்லை. சாயங்காலம் கழற்றித் துடைத்து வைத்தேன், மாட்டியே வைத்தால் ஈரத்தில் குழல் துருப்பிடிக்கும்.

அக்டோபர் 28

ஏரி ஓரத்தில் பனிக்கட்டி. படகைக் கரையேற்ற ஆள் வேண்டும் என்று இர்யா ஃபோன் செய்தாள். அவளாகச் செய்தாள்.

படகைக் கரையேற்றிக் கவிழ்த்து வைத்தோம். பட்டாணி சூப் குடித்தோம். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக, "இன்னொரு தடவை கேக்கறேன். நான் இங்கயே இருந்துடட்டுமா?" என்றாள்.

"வேண்டாம்" என்றேன். "வீட்டுக்கு வா இர்யா."

அடுப்பில் விறகு வெடித்தது. அதுகூடக் கேட்டது.

மூச்சை உள்ளே இழுத்து, "யோ" என்றாள்.

நவம்பர் 2

இர்யா காலையிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறாள். ஜன்னல், அக்கா, கூரை, மறுபடி ஜன்னல். களைப்பாக இருக்கிறது. மெஷினைக் கழற்றவில்லை.