ஜன்னலில் தொங்கிய வலை

ஈரான்
4 பிப்ரவரி 2024

என் ஜெனோவுக்கு,

மாதா தயவில் உடம்புக்கு ஒன்றும் இல்லை. போன் கடலில் விழுந்துவிட்டது, அதனால்தான் பேசவில்லை. வளைகுடாவில் எங்கள் மீன்பிடிப் படகிலிருந்த ஜெயவேல் ஊருக்கு வருகிறான். இதை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே மண் சிவப்பு. கரையைத் தொட்ட அலையும் சிவந்துதான் திரும்புகிறது. மஞ்சள் சுவர் வீடு ஒன்று. அதன் ஜன்னலில் திரைக்குப் பதில் வலை தொங்குகிறது. காற்றடித்தால் வலையின் ஈயக்குண்டுகள் கண்ணாடியில் தட்டும், கேட்டுக்கொண்டே இருக்கலாம். அங்கே நீல முக்காடு போட்ட பெண் மாதுளை உரிப்பாள்.

நீ பதில் போட இங்கத்து விலாசத்தை அவர்கள் எழுத்திலேயே தனிச் சீட்டில் வைத்திருக்கிறேன். அப்படியே உறைமேல் ஒட்டு.

உன் சாவியோ

*

காசிமேடு
20 பிப்ரவரி

அன்புள்ள சாவியோ,

கடிதம் அழகு. இரண்டாவது தரம் படிக்கும்போதுதான் என்னவோ போலிருந்தது. என்ன மீன் பட்டது என்று ஒரு வரி இல்லை. யாரோடு சாப்பிடுகிறாய் என்று இல்லை. நல்ல வலையை ஜன்னலில் மாட்டிக் கெடுப்பவனை நீ திட்டித்தான் எழுதியிருப்பாய். ரசித்திருக்கிறாய்.

ஜெயவேல் டீகூடக் குடிக்காமல் போனான். என்னைக் கண்டால் சந்து மாறுகிறான்.

சப்டைட்டில் திருத்துகிற வேலை தொடர்கிறது. இந்த வாரம் ஒரு பாரசீகத் தொடர் வந்திருக்கிறது. நீ இருக்கும் இடம் தெரிகிறதா என்று பார்க்கிறேன்.

ஜெனோவா

*

காசிமேடு
2 மார்ச்

சாவியோ,

பத்து பாகமும் பார்த்தேன். எந்தக் காட்சியையும் சட்டம் போட்டு மாட்டலாம். கதைதான் இல்லை. ஒருத்தி காத்திருக்கிறாள். அவன் வரவில்லை. ஏன் என்று கடைசிவரை ஒருவரும் கேட்கவில்லை. கம்பெனிக்கு அப்படித்தான் எழுதினேன்.

எழுதாமல் விட்டது: மூன்றாம் பாகத்தில் மஞ்சள் சுவர். ஜன்னலில் வலை. நீல முக்காடு, மாதுளை. படத்தை நிறுத்தி உன் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நீ பார்த்தது தெருவை இல்லை. டிவியை.

ஜெயவேலை மீன் ஏலத்தில் பிடித்தேன். ஐஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினாரு அண்ணி. ஈரான் எல்லைய தாண்டிட்டோம்னு படகோட புடிச்சிட்டாங்கோ. காச்சக்காரன்னு என்னிய மட்டும் வுட்டாங்கோ. அண்ணன் உள்ள கீறாரு.”

மீன்வளத்துறையில் மனு கொடுத்தேன். எந்தச் சிறை, என்ன வழக்கு, கூட யார் யார் என்று கேட்டார்கள். உன் விலாசச் சீட்டின் நகலைக் காட்டினேன், அங்கே யாருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது சிவப்பு மண்தான்.

இனி அழகாக எழுதாதே. சுவர் என்ன நிறம்? பக்கத்தில் யார் படுக்கிறார்? அடிக்கிறார்களா? நான் கேட்கிறேன்.

ஜெனோவா

*

9 ஏப்ரல்

ஜெனோ,

சுவர் சாம்பல். ஜன்னல் இல்லை. உயரத்தில் கம்பிக்குப் பின்னால் ஒரு டிவி. பாஷை புரியாது, படத்தை மட்டும் பார்ப்போம். நீ நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று அந்தப் படத்தை எழுதினேன்.

என்ன வழக்கு என்று எனக்கும் தெரியாது. அடிக்கவில்லை. பேர் வாசிப்பார்கள். போனவர் திரும்புவதில்லை. ஊருக்கு அனுப்புகிறார்களா, வேறு சிறைக்கா, சொல்ல ஆளில்லை. பக்கத்தில் படுத்தவர் ஆறுமுகநயினார், எண்ணூர்க்காரர். நேற்று அவரை வாசித்தார்கள். செருப்பு இங்கேயே கிடக்கிறது. யாரும் அதை நகர்த்தவில்லை. அவர் பேரையும் மனுவில் சேர்.

வராந்தாவில் இப்போது யாரோ பேர் வாசிக்கிறான். எல்லோரும் எழுந்து நிற்கிறோம். ஒன்று மட்டும் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

பயமா கீது, ஜெனோ.

சாவியோ