வேம்புலிக்குப் பம்பாய் டிக்கெட்டு

வேப்பம்பட்டு,
12-7-1987.

அன்புள்ள மகன் பாஸ்கரனுக்கு அப்பா எழுதிக்கொண்டது. நான், உன் அம்மா, தங்கச்சி வனஜா மூன்று பேரும் அம்மன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். நீ கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன். மாசியில் மனோகரன் போனதிலிருந்து நீ போட்ட கடிதம் எல்லாம் பத்திரமாக இருக்கிறது, எடுத்துப் பார்த்தால் ஒன்றிலாவது உன் அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி என்று ஒரு வரி கிடையாது. வேம்புலி நைனா சாப்பிடுகிறாரா, வேம்புலி நைனாவுக்கு இருமல் நின்றதா, அங்கம்மா அம்மா எழுந்து நடமாடுகிறாங்களா, இதே பாட்டுதான். சரி, புருஷனும் பெண்டாட்டியும் மனோகரனைப் பறிகொடுத்தவர்கள், விசாரிக்க வேண்டியதுதான். ஆனால் வேம்புலிக்குப் படிக்கத் தெரியாது என்று அவனுக்கு வருகிற கடிதத்தையும் நான்தான் போய்ப் படித்துக் காட்டுகிறேன். நான் பெற்ற பிள்ளை இன்னொருத்தனை வரிக்கு வரி நைனா நைனா என்று கூப்பிடுவதை என் வாயாலேயே படிக்க வைக்கிறாய் பார், நல்லா இருடா. போன தடவை நைனா என்று வந்த இடத்தில் எல்லாம் மாமா என்று மாற்றிப் படித்துவிட்டேன். அவன் பாட்டுக்குத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு இருந்தான்.

செத்த பிள்ளையை நான் குறை சொல்லவில்லை. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் உங்கள் கம்பெனியை மூடியதும் நீயும் மனோகரனும் ஒன்றாகத்தான் ரயில் ஏறினீர்கள், ஒரே லேத்துப் பட்டறை, தாராவியில் ஒரே ரூம். இட்லி விற்று வயிறு கழுவுகிற தாயம்மாளிடம் மாமூல் கேட்டு ரவுடிகள் அடுப்பை எட்டி உதைத்தபோது, சந்தில் இருந்த அத்தனை பேரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள், அவன் ஒருத்தன் போய்க் குறுக்கே நின்றான், கத்தியால் குத்தினார்கள், டாக்சி வருவதற்குள் உன் மடியிலேயே போய்விட்டான். கேள்விப்பட்ட அன்றைக்கு என் வயிறும்தான் எரிந்தது. அங்கேயே எரித்துவிட்டு நீ சாம்பலை எடுத்துக்கொண்டு வந்தாய். ஆனால் எப்படி வந்தாய்? பெற்ற அப்பன் குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருக்கும்போது தலையை மொட்டை அடித்து, மீசையை எடுத்துக்கொண்டு வந்தாய். உன்னைப் பார்த்ததும் உன் அம்மா போட்ட கூச்சலில் தெருவே திரண்டது. இருந்த நாள் முழுக்க நீ படுத்தது வேம்புலி வீட்டில், சாப்பிட்டது வேம்புலி வீட்டில். நம் வீட்டுக்கு வந்தது துணி மாற்றிக்கொள்ள. வனஜா உனக்காக நெத்திலிக் குழம்பு வைத்து இரண்டு வேளை சுட வைத்தாள், தெரியுமா உனக்கு?

இந்த ஊர் மட்டும் என்னவாம். முன்பெல்லாம் வேம்புலி டீக்கடைக்கு வந்தால் கணக்கைத் தீர்த்துவிட்டு உட்காரு என்பான் கடைக்காரன். இப்போது பெஞ்சில் இருப்பவன் எழுந்து இடம் கொடுக்கிறான். ஸ்டேஷன் சுவரில் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் மழையில் கிழிந்ததும் எஸ்டேட்டுப் பையன்கள் புதுசு அடித்து ஒட்டினார்கள். ரயிலில் முன்பின் தெரியாதவன் எல்லாம் அவன் கையைப் பிடித்து, உம் புள்ள மாதிரி வருமாபா என்கிறான். நான் பக்கத்திலேயே நிற்கிறேன், எனக்கும் பம்பாயில் ஒரு பிள்ளை இருக்கிறது என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. பொறாமை என்று சொல்லுவாய். சொல்லிக்கொள். பொறாமைதான். பிள்ளையைச் சாகக் கொடுத்தவனைப் பார்த்தா பொறாமைப்படுவது என்று உன் அம்மாவும் காறித் துப்பாத குறையாகக் கேட்டுவிட்டாள்.

இந்த நிலைமையில்தான் உன் மணியார்டரும் கடிதமும் வந்தது. உங்கள் சந்து ஜனம் எல்லாம் கூடிப் பேசி, அம்மன் கோயில் பக்கத்தில் மனோகரன் பேரில் செங்கல் நட்டு மஞ்சள் பூசி வீரனாகக் கும்பிடப் போகிறோம், ஆடி மூன்றாவது ஞாயிறு அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது முதல் அகப்பையை அவன் நைனா கையால்தான் ஊற்ற வேண்டும், ஆகவே அப்பா, நீங்கள் தாதர் எக்ஸ்பிரசில் அவருக்கு ஒரு டிக்கெட்டு எடுத்துச் சென்ட்ரலில் ஏற்றிவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். நீ பம்பாய் போய் இத்தனை வருஷத்தில் அப்பா, ஒரு தடவை வந்து நான் வேலை செய்கிற இடத்தைப் பாருங்கள், கடலைப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை எழுதினாயா? ரூம் சின்னது என்பாய், தண்ணீர்க் கஷ்டம் என்பாய். இப்போது மட்டும் ரூம் பெரிசாகிவிட்டதா? இதில் ஏற்றிவிடுகிற வேலை எனக்கு!

அன்றைக்கே வேம்புலியிடம் போனேன். கடிதத்தை முழுக்கப் படித்துக் காட்டிவிட்டு, எல்லாம் சரிதான்பா, ஆனா வருசம் திரும்பாத வூட்டுக்காரன் அம்மன் கூழைத் தொடலாமா, தீட்டு ஆச்சே, ஊருக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா இன்னா பண்றது என்று ஒரு போடு போட்டேன். நல்லதுக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னேன், மனசுக்குள் இருந்தது வேறு. அவன் கடிதத்தை வாங்கி, குனிந்து திருப்பித் திருப்பிப் பார்த்தான். மகன் முகத்தைக் கடைசியாகப் பார்க்காதவன், அவன் விழுந்த இடத்தையாவது பார்க்கலாம் என்று இருந்திருப்பான். அப்புறம் நிமிர்ந்து, நீ சொல்றதும் ஞாயந்தான் அப்பாவு, அப்ப நீ போய் ஊத்து, உன் கை இன்னா என் கை இன்னா, எனக்கு அந்த ஊர்ல பாக்க ஆரு கீறா, உனக்குப் பாஸ்கரு கீறான், போய்ப் பாத்துட்டு வா என்றான். உனக்குப் பாஸ்கரு கீறான் என்ற வார்த்தை அப்போது என் காதில் ஏறவே இல்லை. நீ போ என்றது மட்டும்தான் ஏறியது.

மறுநாள் நான் பண்ணிய கூத்தை உன் அம்மாவைக் கேட்டால் சொல்லுவாள். நான் வேலை செய்கிற கம்பெனியில் எல்லோரிடமும் பம்பாய் போகிறேன், பையன் கூப்பிட்டிருக்கிறான் என்று சொல்லியாகிவிட்டது. ஆவடி போய் வெள்ளைச் சட்டை ஒன்று வாங்கினேன். உனக்கு என்னென்ன கொண்டுவருவது என்று வனஜாவோடு சண்டை. உன் அம்மா முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டே, எனக்குத் தெரியாமத்தான் கேக்குறேன், அங்க உன்ன இன்னான்னு சொல்லி நிக்க வெப்பாங்க என்றாள். மனோகரன் அப்பாவுக்குப் பதிலாக என்றேன். அவள் கையை மாவிலிருந்து எடுத்துவிட்டாள். மாலை போட்டு அந்தச் செங்கல்லாண்ட உன்ன நிக்க வெப்பாங்க, அந்த இட்லிக்காரப் பொம்பள ஓடியாந்து உன் கையப் புடிச்சிக்கினு, எனுக்காவ உம் புள்ளயக் குடுத்துட்டியே சாமின்னு அழுவா, நீ இன்னா சொல்லுவ, ஆமான்னுவியா என்று கேட்டாள். பாஸ்கரா, அந்தப் புதுச் சட்டையைக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்துவிட்டேன். நான் அத்தனை நாளும் அவனுக்குக் கிடைத்த மரியாதையைத்தான் பார்த்தேன், அது எதற்குக் கிடைத்தது என்பதை என் பிள்ளை மேல் வைத்துப் பார்க்கவில்லை. அந்த இடத்தில் போய் நிற்க எனக்கு ஆசை வந்ததே என்று நினைத்தால் இப்போதும் அம்மன் பேரைச் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன். உன் அம்மா அழுதுகொண்டே போய் உன் போட்டோவைத் துடைத்து வைத்தாள்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு நம் துலுக்கானம் பூசாரி வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அடிபட்டுச் செத்தவன் அம்மன் காவலுக்குப் போயிட்டான்பா, அவனப் பெத்தவனுக்கு ஏது தீட்டு, ஆரு உனக்கு இதச் சொன்னது என்று என்னையே மடக்கினார். நான்தான் சொன்னேன் என்று ஒப்புக்கொள்ளாமல், அவரையே கையோடு கூட்டிக்கொண்டு போய் வேம்புலியிடம் சொல்ல வைத்தேன். அவன் குழந்தையாட்டம் அழுதான். அங்கம்மா படுக்கையை விட்டு எழுந்து எங்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தது. டிக்கெட்டு எடுத்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கு முந்தின நாளே வந்து சேர்கிற மாதிரி ஏற்றிவிடுகிறேன். இந்தக் கடிதத்தைத் தபாலில்தான் போடுகிறேன், அவன் கையில் கொடுத்தால் போகும் வழியில் யாரிடமாவது படிக்கச் சொல்லுவான்.

ஸ்டேஷனுக்கு முன்னமே போய் நில். அவன் அரக்கோணத்தைத் தாண்டினது இல்லை, கூட்டத்தைப் பார்த்தால் மிரளுவான். ஐஸ் தண்ணீர் கொடுக்காதே, இருமல் இன்னும் விடவில்லை. அவன் மகன் விழுந்த இடத்தைக் காட்டு என்று கேட்டால் காட்டு, கேட்காவிட்டால் நீயாகக் கூட்டிக்கொண்டு போகாதே. என் கம்பளியை அவனுக்குக் கொடுத்திருக்கிறேன், திரும்பி வரும்போது மறக்காமல் கொடுத்து அனுப்பு, அதையும் அவனுக்கே கொடுத்துவிடாதே. வெள்ளைச் சட்டையையும் அவனையே போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டேன், கை கொஞ்சம் நீளம், மடித்து விடு. அவனை நைனா என்று நீ கூப்பிடுவதை நான் தடுக்கவில்லை, தடுத்தால் கேட்கவா போகிறாய். எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். நாளைக்குப் பிடித்தாலும் பிடிக்கும்.

உன் அம்மா அடிக்கடி சொல்லச் சொல்கிறாள், இருட்டுவதற்குள் ரூமுக்கு வந்துவிடு, சண்டை நடக்கிற பக்கம் தலை வைத்துப் படுக்காதே. நான் அப்படிச் சொல்ல மாட்டேன், அந்தப் பொம்பளை அடுப்பை இன்னொரு தடவை எவனாவது உதைத்தால் நீ கதவைச் சாத்திக்கொண்டு உட்கார மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை. உங்கள் ஜனம் உன் பேரில் செங்கல் நட வேண்டாம், எனக்கு எந்த ரயிலிலும் எவனும் இடம் கொடுக்க வேண்டாம். உன் உடம்பில் ஒரு கீறல் இல்லாமல், அங்கே ஒரு காரியமும் இல்லாத சும்மா ஒரு நாளில், அப்பா வாங்க என்று நீயே என்னை ஒரு தடவை கூப்பிடு. நீ உயிரோடு இருந்து கூப்பிடுகிற டிக்கெட்டில் மட்டும்தான் நான் பம்பாய்க்கு வருவேன்.

அம்மன் உன் கூடவே இருக்கட்டும், நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இரு. வேம்புலி வந்து சேர்ந்ததும் கடிதம் போடு, அதில் உன்னைப் பற்றியும் நாலு வரி எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
அப்பாவு