சம்பந்தியம்மா மதியம் எங்கே சாப்பிடுவது

கருவடிக்குப்பம், புதுச்சேரி
அக்டோபர், ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் பிறகு

அன்பு மகன் வின்சானுக்கு அம்மா எழுதுவது. மாதா காவலில் நான் இங்கே குறையில்லாமல் இருக்கிறேன், நீயும் அமேலியும் லியோன் குளிரில் சளி பிடிக்காமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். என் முழங்கால் மழை வருவதற்கு முன்பே வலித்து மழையைச் சொல்லிவிடுகிறது, மற்றபடி டாக்டரிடம் சொல்ல ஒன்றும் இல்லை. உன் சித்தி வீட்டு மாடி இந்த வருடமும் ஒழுகுகிறது, அவள் இந்த வருடமும் கீழே வாளி வைத்திருக்கிறாளே தவிர கொத்தனாரைக் கூப்பிடவில்லை. போனில் பேசினால் நீ நடுவிலேயே சரிம்மா சரிம்மா என்று முடித்துவிடுவாய், அதனால்தான் தாளில் எழுதுகிறேன். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து முழுவதும் படி.

பிப்ரவரியில் உன் மாமியார் சூசான் வரும்போது காலையில் மியூசியம் பார்ப்பார், மதியம் பக்கத்திலேயே எங்காவது சாப்பிட்டுவிட்டு மறுபடியும் பார்க்கப் போவார், அம்மா நீ சமைத்துச் சிரமப்பட வேண்டாம், நல்ல இடமாகப் பார்த்து வை என்று செய்தி அனுப்பியிருந்தாய். படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, அதை நான் மறைக்கப்போவதில்லை. முதல் முறையாகக் கடல் தாண்டி வரும் சம்பந்தியம்மா என் வீட்டில் படுத்து எழுந்து வெளியே போய்ச் சாப்பிட்டால் நான் லாட்ஜ் நடத்துகிறேன் என்றுதானே அர்த்தம். அதனால் ஒரு முடிவோடுதான் இடம் தேடப் புறப்பட்டேன். எல்லாவற்றையும் பார்ப்பது, ஒன்றும் சரியில்லை என்று உனக்கு எழுதுவது, மதியம் அவரை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கே அழைத்து வந்துவிடுவது. பொய் எழுத வேண்டியிருக்காது என்றும் நினைத்தேன், எனக்கு எந்த ஓட்டலும் பிடித்ததில்லை என்பது உனக்கே தெரியும். துணைக்கு எதிர்வீட்டுக் கார்குழலியைக் கூப்பிட்டேன். அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், அவள் நாக்கில் முள் உண்டு. "இன்னா மதாம், ஓட்டல்ல குத்தம் கண்டுபுடிக்க என்ன இட்டுக்கினு போறீங்களா? நான் சாப்புடத்தான் வருவேன், குத்தத்த நீங்க பாத்துக்குங்க" என்று சொல்லிக்கொண்டே ஆட்டோவில் ஏறினாள்.

சாப்பாட்டுக்கு இடம் பார்ப்பதென்றால் எங்கிருந்து பசியோடு வெளியே வருவார் என்று தெரிய வேண்டும் அல்லவா, அதனால் முதலில் பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் மியூசியத்துக்குள் போனோம். இத்தனை காலம் அந்த வழியாகப் போய் வந்தும் நான் உள்ளே கால் வைத்ததில்லை, வெளியூர்க்காரர்கள் பார்க்கும் இடம் என்று நினைத்திருந்தேன். அரிக்கமேட்டில் தோண்டி எடுத்த சட்டி ஜாடி ஓடுகளைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டு கைப்பிடி ஜாடிகளில் ரோமாபுரியிலிருந்து ஒயினும் எண்ணெயும் வந்ததோடு, மீனை உப்பில் ஊறப்போட்டு வடித்த சாறும் வந்ததாம், கார்குழலி போனில் பார்த்துச் சொன்னாள். எனக்கு அது மனதை விட்டுப் போகவில்லை. கூடை கூடையாக மீன் இறங்கும் ஊருக்கு எவன் மீன் சாற்றைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தான்? யார் அவனுக்கு இங்கே சோறு போட்டார்கள், அந்தச் சாற்றை நம் சோற்றில் ஊற்றிக்கொண்டானா? அங்கே நின்றவரைக் கேட்டேன், "ஒரு மணிக்குப் பூட்டிடுவோம்மா, சாப்ட்டு வந்து பாருங்க" என்றார். மியூசியமும் சாப்பிடப் போகிறது, இதை நீ சூசானிடம் முதலிலேயே சொல்லிவிடு.

அன்று கடற்கரைப் பக்கம் மஞ்சள் சுண்ணாம்பு அடித்த ஒரு பெரிய வீட்டு ரெஸ்தொரானுக்குப் போனோம். பெயர்ப்பலகை பிரெஞ்சில் இருக்கிறதே என்று நான் பிரெஞ்சிலேயே கேட்டேன், அந்தப் பையன் மேனேஜரைக் கூப்பிட்டான், மேனேஜர் சிரித்தார், அதோடு அவருடைய பிரெஞ்சு முடிந்தது. துடைத்துக்கொள்ளக் காகிதம், சதுரத் தட்டு, ரொட்டி வெளியே சூடு உள்ளே ஜில். கார்குழலி தன் தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "குழம்புல கோலம் போட்டுக்கிறான் மதாம், மீனுதான் எங்கன்னு தெரியல" என்றாள். எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. ஒன்று கழிந்தது என்று வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த வாரம் பெரிய மார்க்கெட் பக்கத்தில் இலைபோட்டுச் சாப்பாடு போடும் இடம். இலை துடைத்த துடைப்பிலேயே சுத்தம் தெரிந்தது. அங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். நம் வீட்டு வழக்கப்படி முதலில் ரசம் கொண்டு வா, அதைக் குடித்துவிட்டுத்தான் சோறு என்றேன். சாம்பார் வாளியோடு நின்ற ஆள் என் முகத்தைப் பார்த்து, "இன்னா ஆயா, வயிறு சரியில்லியா? முன்னாடியே சொல்றதில்ல?" என்று உள்ளே போய் ஒரு டம்ளர் ரசத்தோடு குழைந்த தயிர் சோற்றையும் ஓமத்தண்ணியையும் கொண்டு வந்து வைத்துவிட்டான். நான் எவ்வளவு சொல்லியும் வடை, பொரியல், மீன் வறுவல் எதையும் என் இலைப்பக்கம் காட்டவில்லை. "தொந்தரவு ஆயிடும் ஆயா, சொன்னா கேளு" என்று அதட்டல் வேறு. கார்குழலி என் பங்கு வடையையும் சேர்த்துச் சாப்பிட்டாள். இரண்டாவதும் கழிந்தது, ஆனால் அந்த ரசம் நன்றாக இருந்தது என்பதை எழுதாவிட்டால் நியாயமில்லை.

மூன்றாவது முறை இடம் தேடும் சாக்கு இல்லாமலே எனக்கு மியூசியம் போக வேண்டும் என்று இருந்தது, அந்த ஜாடிக்காரன் விடவில்லை. அன்றுதான் வெள்ளைக்காரர் காலத்து மேசை நாற்காலி வைத்திருக்கும் அறைப் பக்கம் போனோம். ஒரு சாப்பாட்டு மேசை. நாற்காலிகளைச் சேர்த்துத் தள்ளி, சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். நல்ல மரம், கால்களில் நல்ல கடைசல், ஆனால் மெருகு மங்கியிருந்தது, கான்வென்டில் எங்கள் கன்னியாஸ்திரி மாமேர் பார்த்திருந்தால் கையில் துணியைக் கொடுத்திருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கார்குழலி, "உங்க வூட்டு மேசை மாரியே கீது மதாம், கயிறுதான் இல்ல" என்றாள். நான் பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டேன். அப்பா போன பிறகு நான் சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டு முடித்துவிடுகிறேன், வின்சான். நம் மேசைமேல் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் பழைய பேப்பர், மருந்து டப்பா, இஸ்திரிக்குப் போகும் துணி. நீ வீடியோவில் கூப்பிடும்போது போனை எப்போதும் சுவர்ப்பக்கமே திருப்பி வைப்பேன், உனக்குத் தெரியாது.

கோபத்தில் நான் முன்னால் நடக்க அவள் பின்னால் வர, கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் சில மேசைகள் மட்டும் போட்ட ஒரு வீடு இருந்தது. மதிவாணன் என்பவரும் அவர் மனைவியும் நடத்துகிறார்கள். துணி விரிப்பு, கஞ்சி போட்டது. உட்கார்ந்ததும், ஒன்றும் கேட்காமலே, முதலில் கிண்ணத்தில் ரசம் வந்தது. ஏன் இதை முதலில் வைத்தீர்கள் என்று கேட்டேன். "எங்க வூட்ல அப்படித்தான் மதாம். எங்கப்பா சொல்தாவா இருந்தவரு, பிரான்சு பட்டாளத்துலேர்ந்து வந்தவருக்கு சூப்பு இல்லாம மேசையில குந்தவே தெரியாது. எங்கம்மாவுக்குத் தெரிஞ்ச சூப்பு இது ஒண்ணுதான்" என்றார். பிறகு வடகம் தாளித்த மீன், சுடச்சுட ரொட்டி, கொஞ்சம் சோறு. குறை தேடினேன், மீனில் உப்பு ஒரு சிட்டிகை கூட, அவ்வளவுதான். எதிரே ஒரு முகம் இருக்க மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டு எனக்கு எத்தனை நாளாயிற்று. கார்குழலி என்னையே பார்த்துவிட்டு, "குத்தம் ஒண்ணும் மாட்லியா மதாம்?" என்றாள். மாட்டவில்லை என்றேன், இன்னும் கொஞ்சம் மீன் கேட்டேன்.

அந்த இடத்தைப் பற்றி உனக்குச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். சொல்லாவிட்டால் சூசான் மூன்று வேளையும் என் கையால் சாப்பிடுவார், எனக்கு அதுதானே வேண்டும். ஆனால் அந்த ஜாடிக்காரன் நினைவுக்கு வந்தான், நானும் அவனைப் போலத்தானே. நான் லியோனுக்கு வந்தபோது பெட்டியில் வடக உருண்டை கொண்டு வந்து உங்கள் சமையலறையைப் புகையாக்கினேனே, அமேலி சத்தமில்லாமல் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து அதில் இரண்டு எனக்குக் கொடுங்கள் என்று கேட்டாள். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தங்கள் இஷ்டத்துக்கு ஒரு வேளை சாப்பிடவும் வேண்டும், ஒருவர் கையால் சாப்பிடவும் வேண்டும். எல்லா வேளையும் எனக்கே என்று பிடித்துவைத்தால் அது உபசாரம் இல்லை, கயிறுதான்.

ஆகவே மியூசியம் பார்க்கும் நாட்களில் மதியம் மதிவாணன் வீட்டில், முற்றத்து மேசையைச் சொல்லிவைத்துவிட்டேன், பூட்டுவதற்கு முன்பே வெளியே வந்துவிடச் சொல். அவர் தனியாகப் போக விரும்பினால் போகட்டும், என்னைக் கூப்பிட்டால் வருவேன், கூப்பிடாவிட்டால் முகம் தூக்க மாட்டேன். இராத்திரிச் சாப்பாடு மட்டும் என் வீட்டில், அதில் பேச்சுக்கு இடமில்லை. அவருக்கு எவ்வளவு காரம் ஆகும், முள் உள்ள மீன் சாப்பிடுவாரா என்று கேட்டு எழுது. அப்படியே அந்த மீன் சாறு இப்போதும் அங்கே எங்காவது விற்கிறதா என்று விசாரி, கிடைத்தால் ஒரு சின்னக் குப்பி அவரிடம் கொடுத்தனுப்பு, உடையாமல் துணியில் சுற்றச் சொல். எனக்குச் சோற்றில் ஊற்றிப் பார்க்க வேண்டும்.

வெளியே போகும்போது கழுத்தில் துணி சுற்றிக்கொள், அமேலியிடம், வேலை வேலை என்று மதியச் சாப்பாட்டை விட்டுவிட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். ஆண்டவர் உங்கள் இருவரையும் ஆசீர்வதித்து உங்கள் வீட்டு அடுப்பையும் காப்பாராக. பிளாஸ்டிக் விரிப்பை எடுத்துக் கழித்துவிட்டேன், பிரம்பு கிழிந்த நாற்காலியைப் பின்னக் கொடுத்திருக்கிறேன், மரத்துக்கு மெருகு போட்டாயிற்று. நேற்று அங்கேயே உட்கார்ந்து முதலில் ரசம் குடித்தேன், கார்குழலி எதிரே உட்கார்ந்து உப்பு கம்மி என்றாள். அடுத்த முறை நீ கூப்பிடும்போது போனை மேசைப்பக்கம் திருப்பி வைக்கிறேன், பார்.

உன் அம்மா,
மரி-தெரேஸ்