வடத்தோடு விட்டுவந்த சொல்

அக்கா,

நாளைக்கு எங்கள் பாடசாலையில் விளையாட்டுப் போட்டி. கயிறு இழுத்தலுக்கென்று பெடியன்கள் நிலாவெளியிலிருந்து கரையில் நின்று மீன்வலை இழுக்கிற பழைய கரைவலை வடம் ஒன்றை இரவல் வாங்கி வந்து ஆசிரியர் அறை மூலையில் சுருட்டிப் போட்டிருக்கிறார்கள். உப்பும் தும்பும் மீன் வாடையும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறியதுமே எழுதிக்கொண்டிருந்த பேனையை மூடிவிட்டேன். பக்கத்துக் கதிரையில் இருந்த புது ஆசிரியை ஏன் முகம் வெளுத்துப் போனது என்று கேட்டாள். வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன். உங்களிடம் ஒளிக்க ஏலாது. பயம்தான். இத்தனை வருடம் கழிந்தும் அதே பயம்.

நான் பயந்தாங்கொள்ளி என்பது உங்களுக்குத் தெரியாததா? முதல் நியமனம் கிடைத்து நிலாவெளிக்கு வந்த புதிதில் ஒன்பதாம் வகுப்பு வாசலில் கால் வைக்கவே தயங்குவேன். மீசை அரும்பிய பெடியன்கள். விடியற்காலையில் கரைவலை இழுத்துவிட்டு, காலில் ஒட்டிய மணலோடு வகுப்புக்கு வருவார்கள். பென்சில் முனை உடைந்தால் ஒரு கெட்ட சொல், கணக்குப் பிழைத்தால் அதைவிடக் கெட்ட சொல். என்னைப் பார்த்து ஒருநாளும் சொன்னதில்லை. மூச்சு விடுவது போல அது தன்பாட்டில் வந்து விழும். நான் காதில் விழாதவள் போலக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். உங்கள் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவே ஒரு ஓலைத் தட்டிதான் இருந்தது. தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நீங்கள் மெல்ல ஒருமுறை இருமுவீர்கள். இந்தப் பக்கம் உடனே அடங்கிவிடும்.

அதிபர் பிரம்பால் அடித்துப் பார்த்தார், வெயிலில் முழங்காலில் நிறுத்திப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு காலைக் கூட்டத்தில், இனிக் கெட்ட வார்த்தை பேசுகிறவன் எவனானாலும் விடுகைப் பத்திரத்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவேன் என்று அறிவித்தார். முதலில் போகப் போகிறவன் யார் என்று எல்லாருக்கும் தெரியும். யோகன். தகப்பன் இல்லாத பிள்ளை. அவனுடைய வாய்தான் எல்லாரிலும் மோசம், அவனுடைய கணக்குத்தான் எல்லாரிலும் திறம்.

"பிரம்பு நாக்குக்கு எட்டாது, தங்கச்சி," என்று அன்றைக்கு பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னீர்கள். "அவனை இப்ப வெளியில விட்டால் திரும்பி வரமாட்டான். கடலோட போயிடுவான்."

வடத்தில் நின்று படிக்கிற பேச்சு அது, வடத்துக்காரரிடமே போய்ச் சொல்லுவோம் என்று தீர்மானித்தது நீங்கள்தான். பிள்ளைகள் இழுக்கும்போதாவது, வடம் இழுக்கப் பாடுகிற அந்தக் கெட்ட வார்த்தைப் பாட்டை நிறுத்தச் சொல்லி வலைச் சொந்தக்காரச் சம்மாட்டியைக் கேட்கலாம் என்றீர்கள். எனக்குப் போக விருப்பமில்லை. உங்களைத் தனியே விடவும் மனமில்லை.

அந்தச் சனிக்கிழமைக் காலை, தாழை மரங்களுக்கு இப்பால் வரும்போதே சத்தம் கேட்டது. ஒருவர் மாமியாரைப் பற்றி ஒரு வரி இழுத்துப் பாடுவார். முடிவில் எல்லாரும் சேர்ந்து ஒரே ஒரு சொல்லைக் கத்துவார்கள். அந்தச் சொல் விழுகிற கணத்தில் அத்தனை பேரின் உடம்பும் ஒன்றாகப் பின்னால் சாயும். வடம் ஒரு முழம் கரைக்கு வரும். எனக்குக் காது கூசியது. நீங்களோ இழுப்பவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

அப்போதுதான் சம்மாட்டி எங்களைக் கண்டார். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்தார். ரீச்சர்மார் வந்திருக்கினம், வாயைப் பொத்துங்கோ என்று ஆட்களை அதட்டினார். எங்களுக்குத் தந்த மரியாதை, அக்கா. அந்த மரியாதைதான் பிழையாகப் போயிற்று. பாட்டு நின்றது. யாரோ ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்தார். இன்னொருவர் முருகன் பெயரைச் சொல்லித் தொடங்கினார். காலுக்குக் கால் பொருந்தவில்லை. ஒருவர் இழுக்க ஒருவர் விட, வலை நிறைய மீனோடு நீரோட்டம் அதைத் தன் பக்கம் வாங்கத் தொடங்கியது. வடம் கடலுக்குள் வழுக்கியது.

வடத்தின் முன்தலையில், இடுப்புத் தண்ணீரில் நின்றவன் யோகன். இழுக்கிறவர்கள் இடுப்பில் கட்டும் துண்டுக் கயிற்றை வடத்தில் முறுக்கிச் சுற்றியிருந்தான். அது இறுகிவிட்டது. நெஞ்சளவு போனான். கழுத்தளவு போனான். ஒரு அலை அவன் தலைக்கு மேலால் வந்தது. கயிற்றை அறுக்கக் கத்தியோடு ஓடியவரை அலை புரட்டிக் கரையில் போட்டது. குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு ஒரு குரல் கேட்டது. அது உங்கள் குரல் என்று விளங்கவே எனக்கு நேரம் எடுத்தது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மாமியார் வரியை அதே இராகத்தில் இழுத்து, அந்தச் சொல்லை அடிவயிற்றிலிருந்து கத்தினீர்கள். ஆட்கள் திகைத்துத் திரும்பினார்கள். நீங்கள் நிறுத்தவில்லை. இரண்டாம் தரம் அந்தச் சொல் விழுந்தபோது அவர்களுடைய உடம்பு தானாகவே பின்னால் சாய்ந்தது. பிறகு அவர்களும் சேர்ந்து கத்தினார்கள். வடம் வந்தது. வடத்தோடு அவனும் வந்தான், உப்புத் தண்ணீரைக் கக்கிக்கொண்டு.

ஒருவரும் சிரிக்கவில்லை. நீங்கள் ஒரு தோணிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தீர்கள். நான் உங்கள் முதுகைத் தடவினேன். "எனக்கு எப்பிடி அது தெரிஞ்சது, தங்கச்சி?" என்று கேட்டீர்கள். எனக்கும் தெரிந்திருந்தது. இத்தனை மாதம் கேட்காத மாதிரி நடித்தவர்கள்தானே நாங்கள்.

அதன்பிறகு வந்தது வேறு பயம். நடுக்கடற்கரையில் ஒரு பெண் ஆசிரியை இப்படிக் கத்தினாள் என்று அதிபரின் காதுக்குப் போனால் உங்கள் வேலை என்னாகும்? உங்கள் மகள்மாரை ஊர் என்ன சொல்லும்? அலுவலகப் பியோன் எங்கள் பக்கம் நடந்து வரும்போதெல்லாம் தட்டியின் இரண்டு பக்கமும் பாடம் நின்றுபோகும். ஆனால் கதை வரவேயில்லை. அன்று வடத்தில் நின்ற ஒருவரும், பெடியன்கள் உட்பட, வெளியில் மூச்சு விடவில்லை. ஒரு ஊர் முழுக்க உங்களுக்காக வாயைக் கட்டிக்கொண்டது.

வகுப்பும் மாறியது. மைப்போத்தல் கவிழ்ந்தால் சொல் உதடு வரைக்கும் வரும். பிறகு கண் தட்டிப் பக்கம் போகும், சொல் உள்ளே போய்விடும். ஒருநாள் யோகனிடம் மெல்லக் கேட்டேன். இடுப்பில் கயிறு அறுத்த காயம் அவனுக்கு அப்போதும் ஆறவில்லை.

"அது வாயில வந்தால் பக்கத்து வகுப்பு ரீச்சற்ர முகம் வருது," என்றான். "எனக்காக எல்லோ அவ அதைச் சொன்னவ. சும்மா சொல்ல ஏலாமல் கிடக்கு."

அவன் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை. சோதனை எழுதினான், சீனன்குடாவில் கணக்கு எழுதும் வேலைக்குப் போனான். வடத்தில் மட்டும் பெடியன்கள் பழையபடிதான் கத்தினார்கள். அதையும் நிறுத்த வேண்டுமா என்று நான் கேட்டதற்கு, "அது அங்க இருக்கட்டும். அங்க அதுக்கு வேலை இருக்கு," என்றீர்கள். கரை ஏறியதும் கடல் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டுத்தான் பள்ளிக்கு வர வேண்டும் என்று சம்மாட்டி தானாகவே ஒரு சட்டம் போட்டிருந்தார்.

போன வருடம் ஆஸ்பத்திரியில், உங்கள் கடைசி நாள், மத்தியான நேரம், உங்கள் கட்டிலோரம் நான் இருந்தேன். நீங்கள் கண் திறக்கவில்லை. என் கைக்குள் இருந்த உங்கள் கை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது, அன்றைக்கு வடம் வழுக்கிய மாதிரி. நான் திருவாசகம் சொல்லிப் பார்த்தேன், பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றும் உங்களிடம் போய்ச் சேரவில்லை. கடைசியில், உங்கள் உயிர் போய்விடுமோ என்ற பயத்தில், உங்கள் காதருகே குனிந்து மாமியார் வரியைப் பாடி, அந்தச் சொல்லைச் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவை. அடுத்த கட்டில்காரி திடுக்கிட்டுப் பார்த்தாள்.

நீங்கள் என் கையை இழுத்தீர்கள், அக்கா. ஒரே ஒருமுறை. கரைப் பக்கமாக.

பிறகு விட்டுவிட்டீர்கள்.

இப்போது ஆசிரியர் அறையில் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மூலையில் கிடக்கும் வடத்தின் நுனியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். நாளைக்குப் பெடியன்கள் இதைப் பிடித்து இழுக்கும்போது எனக்குக் கட்டாயம் பயம் வரும். வரட்டும். அந்த ஒரு இழுப்பு இன்னும் என் கையில் இருக்கிறது.