ரெமிஜோவின் மூக்கு

செப்டம்பர் 6
பிப்ரவரிக் காய்ச்சலில் போன வாசனை உணர்வு என் கணவர் ரெமிஜோவுக்கு இன்னும் திரும்பவில்லை. இன்று தோட்டத்தில் ஒரு ருக்கே திராட்சையைக் கசக்கி என் மூக்கருகே நீட்டினார். "என்ன வருது, இல்டே?" ரோஜா என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். எனக்குத்தான் அழுகை வந்தது. அவர் மூக்கு போனது எங்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

செப்டம்பர் 19
கொழுந்தன் எவாசியோ மறுபடி ஆரம்பித்துவிட்டார். ருக்கே, ஃப்ரெய்சா, க்ரின்யோலினோ என்று எல்லாத் திராட்சைக் கொடிகளையும் பிடுங்கிவிட்டுக் குன்று முழுக்க பார்பெரா மட்டும் நட வேண்டுமாம்.

"எல்லாம் சிவப்பு ஒயின்தானே அண்ணே? உன் மூக்கைத் தவிர வேற யாருக்கு வித்தியாசம் தெரியுது?"

"சான் மார்த்தீனோ அன்னிக்குச் சொல்றேன். தப்பாச் சொன்னா டிராக்டரைக் கொண்டுவா."

நவம்பர் 11, சான் மார்த்தீனோ திருநாள்; அன்றுதான் எங்கள் வீட்டில் புது ஒயினைப் பெயர் சொல்லாமல் ஊற்றுவது. மூத்தவர் முகர்ந்து எது எந்தத் திராட்சை என்று சொல்ல வேண்டும். மூக்கே இல்லாத மனுஷனுக்கு இந்த வீம்பு எதற்கு?

அக்டோபர் 14
ஃப்ரெய்சா பீப்பாயில் அழுகிய முட்டை நாற்றம். இவர் அதன்மேல் சாய்ந்து நிம்மதியாக ரொட்டி தின்றுகொண்டிருந்தார். காற்றுப் பட்டால் நாற்றம் போகும் என்று ஒயினை வேறு பீப்பாய்க்கு மாற்றினேன். பார்த்தார். கேட்கவில்லை.

நவம்பர் 10
பார்பெரா கருஞ்சிவப்பு, க்ரின்யோலினோ வெளிறியது, கண்ணாலேயே சொல்லிவிடலாம். மற்ற இரண்டும்தான் வம்பு. ஊற்றப்போவது நான். மேசைக்கடியில் காலை மிதிக்கிறேன் என்றேன் — ஒரு மிதி ஃப்ரெய்சா, இரண்டு ருக்கே. "சரி" என்றார். முகம் சரியில்லை.

நவம்பர் 11
முதல் இரண்டையும் சொல்லிவிட்டார். மூன்றாவதற்கு இரண்டு மிதி மிதித்தேன். காலை இழுத்துக்கொண்டார்.

"எனக்கு வாசனையே தெரியல, எவாசியோ. பிப்ரவரியிலேர்ந்து."

வாத்துக்கறியை யாரும் தொடவில்லை. சிரித்தால் கரண்டியால் அடிப்பேன் என்றிருந்தேன். எவாசியோ சிரிக்கவில்லை. அண்ணன் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கினார். எதையும் மடக்கென்று குடிக்கிற ஆள், வெகுநேரம் முகர்ந்துகொண்டிருந்தார்.

"ரோஜா, அண்ணே... அம்மா அடக்கத்துக்கு வச்சோமே, அந்த மாதிரி."

அடுத்ததை எடுத்தார். "இதுல காட்டுப் பழம். முள்ளுக்குள்ள கை விட்டுப் பறிப்போமே."

"அது ஃப்ரெய்சா."

"அப்ப முன்னாடி பார்த்தது ருக்கேயா?"

இவர் தலையாட்டினார்.

ஜனவரி 8
டிராக்டர் வரவில்லை. ருக்கே வரிசையில் அண்ணனும் தம்பியும் கவாத்து முடித்து வந்தார்கள். இவர் நேராக அடுப்பருகே போய்க் குளிர்காய்ந்துகொண்டு நின்றார். எவாசியோ வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே கத்தினார்: "அண்ணே, காப்பி கருகுது!"